ஸ்ட்ரெச்சரின் முன் சக்கரம்

பதினெட்டு நாள் லீவில் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். காதுகுத்து, குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் எப்போதும் போல நடந்தன. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு ராத்திரியைப் பற்றி, அதிலும் ஒரு ஸ்ட்ரெச்சரின் முன் சக்கரத்தைப் பற்றி எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

சித்தப்பா மகன், 26 வயது. காதுகுத்துக்கு வாழை இலை வாங்கிக்கொண்டு பைக்கில் வந்தவனை பைபாஸ் பிரிவு ரோட்டில் மினி லாரி அடித்துவிட்டது. ராத்திரி எட்டரை மணி. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஒருவர் அவன் அக்குளில் கை கொடுத்து உட்கார வைத்திருந்தார். இன்னொருவர் வாயில் சோடாவைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ வேறு தயாராக நின்றது. பாசத்தில்தான் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் கழுத்தெலும்பு என்ன ஆனது, இடுப்பு என்ன ஆனது என்று தெரியாத ஆளை நாலு பேர் நாலு பக்கம் இழுத்துத் தூக்குவது எவ்வளவு ஆபத்து!

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சேஃப்டி வேலை பார்ப்பவன். 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பயிற்சி எடுத்த முதலுதவி ஆள் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பயிற்சி எடுத்த பழக்கத்தில், "யாரும் தூக்காதீங்க, மெதுவா படுக்க வைங்க, வாயில எதுவும் ஊத்தாதீங்க" என்று கத்தினேன். படுக்க வைத்தார்கள். தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

108 வந்து சேர 14 நிமிடம் ஆனது. சிங்கப்பூரில் 995க்கு அடித்தால் 11 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று குறி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் கடைமடை. அந்த ரோட்டுக்கு 14 நிமிடத்தில் வண்டி வந்ததை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். வந்த பையன் கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் ஏற்றிக் கட்டி, ஆக்சிஜன் வைத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

வண்டிக்குள்ளேயே மாமா சண்டை பிடித்தார். "ஜி.எச்.சுக்கா கொண்டு போறீங்க? கையை வைக்கவே மாட்டானுங்க. டவுன்ல நர்சிங் ஹோமுக்கு விடுங்க" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2004இல் எங்கள் பெரியப்பா டிராக்டரிலிருந்து விழுந்தபோது, சீட்டு எழுதி, போலீஸ் வரட்டும் என்று இரண்டு மணி நேரம் பெஞ்சில் கிடத்தியிருந்ததை இவர்தான் பக்கத்தில் நின்று பார்த்தவர். போலீஸ் சமாச்சாரம் அப்புறம், முதலில் உயிரைக் காப்பாற்று என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. 2004லும் பெரியப்பா பெஞ்சில்தான் கிடந்தார். 108 பையன் பதில் பேசாமல், "ரெட் ஜோனுக்குச் சொல்லியாச்சு சார், நேரா அங்கதான்" என்றான்.

அங்கே நடந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. விபத்துக்கென்று தனி வார்டு. தரையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கோடு. உயிருக்கு ஆபத்தானவன் நேராகச் சிவப்புக்குப் போகிறான். ஓ.பி. சீட்டு எழுத யாரும் எங்களை நிறுத்தவில்லை. தலைமாட்டில் நின்ற டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர் முதலில் கேட்டது, "தம்பி, உன் பேர் என்ன?" பேர் சொல்லிவிட்டால் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது என்று அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிடுமாம். அவன் முனகலாகப் பேரைச் சொன்னான். பாதியில் மூச்சு முட்டியது. உடனே நெஞ்சைப் பார்த்தார்கள். இடப்பக்கம் ஏறி இறங்கவே இல்லை. சிஸ்டர் அவனுடைய புதுச் சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை கத்தரியால் ஒரே இழுப்பில் வெட்டினார். விலாவில் குழாய் போட்டதும் காற்றும் ரத்தமும் தண்ணீர் பாட்டிலுக்குள் கொப்பளித்து வந்தன. கொஞ்ச நேரத்தில் அவன் உதட்டின் நீலம் மறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்புறம் ஒரு படுக்கை விரிப்பை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். இடுப்பெலும்பு உடைந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் தேங்கி ஆள் போய்விடுவான், கட்டினால் அது குறையும் என்றார் டாக்டரம்மா. ரத்தம் உறைந்து நிற்க டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி போட்டார்கள். அந்த ஊசி உயிரைக் காக்கும் என்று 2010இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்பது அதே ஆய்வின் கணக்கை 2011இல் மறுபடி அலசியபோது தெரிந்தது. பல நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்த ஆய்வு அது, இந்தியாவும் அதில் இருந்தது. பிறகு வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள்.

மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, கடைசியாக உடையைக் களைந்து உடம்பு முழுக்கப் பார்ப்பது. இந்த வரிசை பிறந்த கதையை எங்கள் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். 1976இல் அமெரிக்காவில் நெப்ராஸ்கா வயல்வெளியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டாக்டர் ஓட்டிவந்த சின்ன விமானம் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார். அடிபட்ட பிள்ளைகளோடு அவர் போய்ச் சேர்ந்த கிராமத்து ஆஸ்பத்திரியில் எதை முதலில் செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வேதனையில் 1978இல் தொடங்கிய பயிற்சிதான் உலகம் பூராவும் பரவியது. அதே வரிசையை எங்கள் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரியில், நம் பிள்ளைகள் தமிழில் பேசிக்கொண்டே செய்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி சக்கரத்துக்கு வருகிறேன்.

தலைக்கும் இடுப்புக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேன் இருப்பது வேறு கட்டடத்தில். ராத்திரி ஸ்ட்ரெச்சர் தள்ள இருந்த ஒரே ஊழியரும் இன்னொரு நோயாளியோடு போய்விட்டார். "நீங்களே தள்ளிக்கிட்டு வாங்க, நான் கூட வர்றேன்" என்றார் ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன். மாமா ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டார், தம்பியின் சிநேகிதன் நெஞ்சுக் குழாய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டான், நான் தள்ளினேன். சிஸ்டர் பின்னாலேயே ஓடி வந்து, "பாட்டிலை நெஞ்சுக்கு மேல தூக்கிடாதீங்க, தண்ணி உள்ள போயிரும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

முன்பக்கம் வலது சக்கரம் சுற்றவில்லை. பழைய கட்டுத்துணி நூலும் தலைமுடியும் அச்சில் சுற்றிச் சுற்றி கறுப்பு உருண்டையாக இறுகிக் கிடந்தது. வண்டி வலது பக்கமே இழுத்தது. நேராக்க நேராக்க உடம்பு குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் "அண்ணே" என்றான். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் சாக்கடைக்கு மேல் சிமென்ட் பலகை போட்டிருந்தார்கள். இரண்டு பலகைக்கு இடையில் இரண்டு விரல் சந்து. சுற்றாத சக்கரம் அதற்குள் இறங்கி நின்றுவிட்டது. எல்லோரும் சேர்ந்து தூக்கினோம். தூக்கிய வேகத்தில் அந்தச் சிநேகிதன் பாட்டிலையும் தோளுக்கு மேல் தூக்கிவிட்டான். ஹவுஸ் சர்ஜன் பாய்ந்து கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் அதுவரை உள்ளே அத்தனை பேர் பாடுபட்டுச் செய்த எல்லாமே கையை விட்டுப் போயிருக்கும்.

எங்கள் பட்டறையில் சாமான் தள்ளுகிற வண்டிக்குக்கூட மாதா மாதம் சோதித்து அந்த மாதத்து நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஸ்டிக்கர் இல்லாத வண்டியைத் தொட விட மாட்டோம். அதில் போவது இரும்பு. இங்கே போனது என் தம்பி. நெஞ்சில் குழாய் போடத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு சக்கரத்தின் நூலை அறுத்து எண்ணெய் விட ஆள் இல்லை என்றால் எப்படிப் பொறுப்பது? ரோட்டில் தூக்கிய விதமும் இதுவும் ஒன்றுதான். நாம் நோயாளியை நகர்த்துவதை வைத்தியமாகவே நினைப்பதில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமாவின் பாதிப் பயம் அதுதான். தனியார் ஆஸ்பத்திரிக்கே போயிருந்தாலும், பட்டியலில் உள்ளதாக இருந்தால் முதல் 48 மணி நேரத்துக்கு அரசே செலவை ஏற்கும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் அது. 81 வகைச் சிகிச்சைகள், தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் போதும், வேறு மாநிலத்தவர், வெளிநாட்டவர் என்ற பேதம் கிடையாது. லீவில் வந்து வாடகை வண்டியில் சுற்றுகிற நம்மைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் கீழ் வந்த விதிகளிலும் இருக்கிறது. அன்றைக்கு ரோட்டில் ஒதுங்கி நின்ற பாதிப் பேருக்கு அது தெரியாது.

தலையில் ஒன்றுமில்லை. நாலாம் நாள் இடுப்புக்குப் பிளேட் வைத்தார்கள். மறுநாள் நான் ஒரு பிளேடும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலும் எடுத்துக்கொண்டு போய், அந்த ஸ்ட்ரெச்சரைத் தேடிப் பிடித்து, தரையில் உட்கார்ந்து நூலை அறுத்தேன். ஒரு கைப்பிடி வந்தது. வார்டு பாய் வந்து, "இன்னும் மூணு வண்டி இப்படித்தான் இருக்கு சார்" என்றார். அவற்றையும் செய்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் டீன் அலுவலகத்தில் சக்கரம், சிமென்ட் பலகைச் சந்து, ராத்திரிக்கு இன்னொரு ஆள் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். பொங்கலுக்குப் போகும்போது வீட்டுக்குப் போகும் வழியிலேயே இறங்கி அந்தச் சிமென்ட் பலகை இடுக்கை அடைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.