கிண்டியில் இறங்குங்கள்: சென்னைக்கு வந்துபோன ஏழு வருட அனுபவம்

எங்களுக்குக் கோவில்பட்டி. 2018-லிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்வருகிறேன். ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அம்மாவுக்கு இதயத்துக்குப் பார்க்கிறோம். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவோம், இல்லையென்றால் மயிலாப்பூரில் சித்தி வீட்டில் ஒரு நாள் தங்குவோம்.

முதல் ஒரு வருடம் எழும்பூர் வரை போய் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஒவ்வொரு தடவையும் பேரம், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தொகை. அப்புறம் ஒரு நாள் அம்மாவே கேட்டாள்: "இம்புட்டு ரயிலு ஓடுதே, நமக்கு ஒண்ணு கூடவா இல்ல?" இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

சென்னையில் எலெக்ட்ரிக் ரயில், மெட்ரோ, பஸ் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் ஓடுகின்றன. வெளியூர்க்காரர்கள் திணறுவதெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில். அதனால் எந்த வண்டி என்று தேடுவதற்கு முன்னால் எங்கே மாறுவது என்று பாருங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்கு இதுதான் முக்கியம்.

எங்கள் வழியையே சொல்கிறேன். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடுவோம். சென்னைக் கடற்கரை நிலையம் நோக்கிப் போகும் எலெக்ட்ரிக் ரயிலில் எட்டாவது நிறுத்தம் கிண்டி. டிக்கெட் 5 ரூபாய். அதற்கு முந்தைய நிறுத்தமான பரங்கிமலையிலும் (மவுண்ட் என்றும் சொல்வார்கள்) மெட்ரோ இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியதும் மெட்ரோ நிலையம் கண்ணுக்குத் தெரிவதால் புதிதாக வருபவர்கள் அங்கேயே இறங்கிவிடுவார்கள். நானும் இறங்கினேன். ஆனால் பரங்கிமலையிலிருந்து கிளம்புவது பச்சை வழி. ஆயிரம் விளக்குக்கு நீல வழி வேண்டும். ஆலந்தூரில் தளம் மாறி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். கிண்டியில் இறங்கினால் நீல வழி நேராகக் கிடைக்கும். சின்னமலை, சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை, டிஎம்எஸ், அடுத்தது ஆயிரம் விளக்கு. 2019 பிப்ரவரியில் டிஎம்எஸ்–வண்ணாரப்பேட்டை பாதை திறந்த பிறகுதான் இது இவ்வளவு சுலபமானது. அதுவரை டிஎம்எஸ்ஸோடு மெட்ரோ முடிந்துவிடும். மிச்ச தூரத்துக்கு மறுபடியும் ஆட்டோதான்.

எலெக்ட்ரிக் ரயிலில் ஏறும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். தாம்பரத்தில் முதல் தடவை கூட்டத்தைப் பார்த்துப் பயந்து, காலியாக இருந்த பெட்டியில் அம்மாவை ஏற்றிவிட்டேன். அது முதல் வகுப்பு. எதிரே இருந்த ஒரு பெரியவர், "இது ஃபர்ஸ்ட் கிளாஸும்மா, செக்கிங் வந்தா ஃபைன் போட்டுடுவாங்க" என்று சொன்ன பிறகுதான் வெளியே எழுதியிருந்ததே ஞாபகம் வந்தது. சானடோரியத்தில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். டிக்கெட் இல்லாமலோ சாதா டிக்கெட்டில் மேல் வகுப்பிலோ பிடிபட்டால் அபராதம் 250 ரூபாய்க்குக் குறையாது. 2025 ஏப்ரலிலிருந்து இதே பாதையில் ஏசி வண்டியும் ஓடுகிறது. அதற்குக் குறைந்த கட்டணமே 35 ரூபாய். 5 ரூபாய் டிக்கெட்டோடு அதில் ஏறிவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது லேடீஸ் பெட்டி. காலை ஆறு மணி வண்டியில் பூக்கட்டும் அக்கா ஒருவர் வருவார். மடியில் ஈரத்துணி, அதில் மல்லிகை மொட்டு. வண்டி குலுங்கக் குலுங்க இரண்டு விரலுக்கு நடுவில் நார் ஓடிக்கொண்டே இருக்கும். கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். பழவந்தாங்கல் வருவதற்குள் இரண்டு முழம் ஆகிவிடும். அம்மாவுக்கு அவரிடம் ஒரு முழம் வாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகப் பிடிக்காது.

மெட்ரோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம், ஏசி, 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்குள் கட்டணம். காலை 5 மணிக்கே ஆரம்பித்துவிடும்.

பஸ்ஸில் வருபவர்களுக்குக் கதையே வேறு. தென்மாவட்ட பஸ்களெல்லாம் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த நிலையம் அது, நகரத்துக்கு ரொம்பத் தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கி ஆட்டோ பேசாதீர்கள். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்துவிடுங்கள், அங்கிருந்து ரயில். விமானத்தில் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மெட்ரோ உள்ளேயே இருக்கிறது என்றாலும், ரோட்டுக்கு எதிரே திரிசூலம் ரயில் நிலையம் இருக்கிறது. தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு அதுதான் சரி.

சென்ட்ரலுக்குப் போனால் பெயரில் கவனம் வேண்டும். சென்னைப் பூங்கா என்பது தாம்பரம் பாதை நிலையம். பூங்கா நகர் என்பது வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் நிலையம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். "பார்க் எங்கே இருக்கு?" என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

மயிலாப்பூருக்கு நாங்கள் பெரும்பாலும் பஸ்தான். பெரம்பூர்–பெசன்ட் நகர் 29சி அந்தப் பக்கம் போகும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முன்பக்கம் இளஞ்சிவப்பு அடித்திருப்பார்கள். எந்த ஊர், அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அம்மா முதல் நாள் சுருக்குப் பையிலிருந்து காசை எடுத்து நீட்ட, கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து அவள் கையில் வைத்து, "உள்ளே வச்சுக்கோம்மா" என்றார். அந்தச் சீட்டை ஊர் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். எங்களைப் போல மருந்துக்கே கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி, மனசார எழுதுகிறேன். ஒரே கஷ்டம், மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக நிறைய இடத்தில் ரோட்டைத் தோண்டியிருப்பதால் பஸ் நிறுத்தங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன தடவை நின்ற இடத்திலேயே நிற்கும் என்று நம்பாமல் பூக்கடையிலோ டீக்கடையிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2022-ல் ஒரு நிலையத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அடுத்த தடவையும் ஓடவில்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐந்து படிக்கு ஒரு தரம் நின்று ஏறினாள். பாதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டும் நின்று பையை வாங்கிக்கொண்டாள். இதய நோயாளிக்கு நாற்பது படி என்பது சின்ன விஷயம் இல்லை. மாறும் இடத்தில் ஒரு லிஃப்ட் நின்றுபோனால் அந்த ஆளுக்கு மொத்த வழியும் அடைபட்டுப்போகிறது. அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை போனபோது ஓடிக்கொண்டிருந்தது.

மாறும் இடத்தை அக்கறையோடு கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு மாம்பலம் போய்ப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 2023 மே மாதம் நடைமேம்பாலம் திறந்தார்கள். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், நகரும் படிக்கட்டும் லிஃப்ட்டும் உண்டு. கீழே ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. மேலே அம்மா தன் போக்கில் நடந்து வந்தாள், யாரும் இடிக்கவில்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துவிட்டு அவள் மூச்சு வாங்காமல் வந்தது அந்த ஒரு தடவைதான்.

போன மாதம் தாம்பரத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தோம். கையில் ஸ்கேன் கவரோடு ஒரு தம்பதி, ஆயிரம் விளக்குக்கு எப்படிப் போவது என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "மவுண்ட்டுல எறங்கிராதீங்க தம்பி, கிண்டியில எறங்குங்க. நாங்களும் அங்கதான் போறோம், கூடவே வாங்க."