நோ காஸ்ட் இஎம்ஐ-யில் போன்: கடைசியில் கையை விட்டுப் போவது எவ்வளவு?

போன் விலை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் மூன்று வழி சொல்வார்கள்: ரொக்கம், கிரெடிட் கார்டில் ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ (வட்டியில்லை என்று சொல்லி விற்கும் மாதத் தவணை), அங்கேயே மேசை போட்டிருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனியின் தவணை.

முதலில் கார்டு. வட்டியே இல்லாத கார்டு இஎம்ஐ என்று ஒன்று கிடையாது. அப்படி விற்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே தடுத்துவிட்டது. வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரரோ போன் கம்பெனியோ முன்கூட்டியே தள்ளுபடி தருகிறார்கள், அவ்வளவுதான். ஆண்டு வட்டி 16% என்றால் பில்லில் 1,352 குறைந்து, கார்டில் 28,648 ஏறும். மாதம் 5,000.

முதல் மாத ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துப் பாருங்கள்: அசல் 4,618, வட்டி 382, வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 69, பிராசசிங் கட்டணம் 199, அதற்கும் ஜிஎஸ்டி 36. வட்டியைத்தான் கடை ஏற்றது. ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் நம் தலையில். ஆறு மாதத்தில் கூடுதல் செலவு சுமார் 478 ரூபாய்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை என்பேன். ஆனால் ரொக்கம் கொடுப்பவருக்குக் கடைக்காரர் 1,500 குறைக்கத் தயாராக இருந்தால், அவருக்குப் போன் 28,500, உங்களுக்கு 30,478. இந்த 1,978-ஐ வட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 23 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. ஆகவே இஎம்ஐ பேச்சை எடுக்கும் முன் ரொக்க விலையை வாங்கிவிடுங்கள். குறைக்கவே மாட்டேன் என்றால் நோ காஸ்ட் நல்ல பேரம்தான்.

நோ காஸ்ட் அல்லாத 12 மாத சாதா இஎம்ஐ-யோ அதே 16 சதவீதத்தில் மாதம் 2,722. எல்லாம் சேர்த்து 33,377 ஆகும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஃபைனான்ஸ் கம்பெனியின் '10/2' திட்டத்தில் பத்துத் தவணையில் இரண்டை அன்றைக்கே கட்ட வேண்டும். 6,000 போக, கடன் 24,000. மீதி எட்டே மாதம். இங்கே காசு கசிவது வேறு இடத்தில்: ஸ்கிரீன் இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி எல்லாம் சத்தமில்லாமல் கடனில் ஏறிவிடும். ஓடிபி கொடுக்கும் முன் கடன் தொகையைப் பார்த்துவிடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதத்தோடு, உங்களுக்குப் புரியும் மொழியில் விவரத்தாள் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். தவணைத் தேதி சம்பளத்துக்கு முன்னால் விழுந்தால், கணக்கில் பணமில்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு அபராதம், உங்கள் வங்கி இன்னொரு அபராதம் என்று இரண்டு பக்கமும் இடிக்கும்.

கார்டு இஎம்ஐ-யில் வாங்கிய போனைத் திருப்பிக் கொடுத்தால், கடை பணத்தை அனுப்பினாலும் இஎம்ஐ தானாக நிற்கும் என்று இருந்துவிட வேண்டாம். வங்கிக்குச் சொல்லி ரத்து செய்யுங்கள். பிராசசிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது.