தாய்லாந்துப் பயணப் பையில் எது இருக்கணும்: சிப்ரோவா, அசித்ரோவா, ஓஆர்எஸ்ஸா?

பாங்காக் கிளம்பும்போது வீட்டில் யாராவது ஒரு அட்டை சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக்கைப் பைக்குள் வைத்துவிடுவார்கள். "வயிறு சரியில்லைன்னா ஒண்ணு போட்டுக்கோ." அக்கறைதான். ஆனால் தாய்லாந்துக்கு அந்த மாத்திரை வேண்டாம். அங்கே பயணிகளுக்குப் பேதி வரவைக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானது கேம்பைலோபாக்டர். சரியாக வேகாத கோழிக்கறியில் இருக்கும். 1990களிலேயே அது சிப்ரோவுக்கு அடங்காமல் போக ஆரம்பித்துவிட்டது.

அங்கே அசித்ரோமைசின் (அசித்ரோ) என்ற ஆன்டிபயாடிக்தான் கைகொடுக்கும். ஒரே வேளையில் 1 கிராம், அல்லது தினம் 500 மி.கி. வீதம் 3 நாள். மொத்தமாகப் போட்டால் சிலருக்குக் குமட்டும். ரிஃபாக்சிமின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் குடலுக்குள்ளேயே நின்றுவிடும், ஈ.கோலை என்ற பாக்டீரியா தரும் பேதிக்குச் சரி, காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் உதவாது.

அதற்காக இரண்டு தடவை வயிறு போனதும் அசித்ரோவைப் பிரிக்காதீர்கள். ஃபின்லாந்துப் பயணிகள் 430 பேரை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவு எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது. பேதியும் வராமல் ஆன்டிபயாடிக்கும் எடுக்காமல் திரும்பியவர்களில் 11% பேரின் குடலில், பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா குடியேறியிருந்தது. பேதி மட்டும் வந்தவர்களில் 21%. பேதி வந்து ஆன்டிபயாடிக்கும் எடுத்தவர்களில் 37%. அந்தக் கிருமி நம்மோடு வீட்டுக்கே வந்துவிடும். சாதாரணப் பேதியோ சில நாளில் தானாக நின்றுவிடும்.

ஆகவே என் முதல் ஓட்டு, தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ்ஸுக்கு. அதையும் சரியாகக் கலக்கணும். பட்டாயாவில் என் மச்சான் 1 லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கிக் குடித்தார். உப்பும் சர்க்கரையும் இரண்டு மடங்கானால் பேதி கூடத்தான் செய்யும். கண்ணீர் அளவுக்குத்தான் உப்புக் கரிக்கணும். அதைவிடக் கரித்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் மடக்கு மடக்காகக் குடிக்கணும்.

பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு மாத்திரை, நீண்ட பஸ் பயண நாளுக்கு மட்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

நான் எடுத்துப்போவது 6 ஓஆர்எஸ் பாக்கெட், 1 லிட்டர் பாட்டில், டாக்டர் சீட்டோடு வாங்கிய அசித்ரோ. "காய்ச்சல், ரத்தம், எழுந்து நடமாட முடியாத பேதி – இதற்கு மட்டும்" என்று அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறீர்களா? இதயத்துடிப்புக் கோளாறுக்கு அவர்கள் மாத்திரை சாப்பிட்டால், அசித்ரோ ஒத்துவருமா என்று கிளம்பும் முன்பே அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.