மதுரை வெயிலுக்கு எந்தப் பூச்செடி? காகிதப்பூ, அரளி, இட்லிப்பூ, நித்தியகல்யாணி: ஓர் ஒப்பீடு

மே மாதம் கொடைக்கானல் மலர்க் கண்காட்சிக்குப் போய்வருகிறவர்களில் பலர், பூக்களைக் கண்ட ஆசையில் ஜெரேனியமோ ஹைட்ராஞ்சியாவோ ஒரு தொட்டி வாங்கி வந்து மதுரை வீட்டு வாசலில் வைக்கிறார்கள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் பழகிய அச்செடிகள், இரவிலும் புழுக்கம் தணியாத நம் ஊர்க் கோடையில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் துவண்டுவிடுகின்றன. மிதமான பருவநிலைக்குரியவற்றை மலையிலேயே விட்டுவிட்டு, 40 டிகிரியைத் தொடும் வெயிலையும் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரையும் தாங்கி, அதிகப் பராமரிப்புக் கேட்காமல் நிறம் காட்டும் செடிகளைத் தேடுவதே நமக்குப் பொருந்தும். நாகமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் வளர்த்துப் பார்த்த நான்கை இங்கே ஒப்பிடுகிறேன்.

சுற்றுச்சுவர் ஓரத்துக்குப் போட்டியிடுபவை காகிதப்பூவும் அரளியும். காகிதப்பூவில் நாம் பூ என்று நினைப்பது உண்மையில் நிறம் மாறிய இலைகள்தான். அருகில் சென்று பார்த்தால், மெல்லிய மூன்று இலைகளுக்கு நடுவே குச்சிபோன்ற மூன்று சிறு குழல்களும், அவற்றின் நுனியில் வெள்ளைப் பூவும் தெரியும். அந்த நிற இலைகள் எளிதில் வாடுவதில்லை என்பதால்தான் செடி வாரக்கணக்கில் ஒரே பொலிவோடு நிற்கிறது. தினமும் நீர் ஊற்றினால் இது தழைத்து வளருமேயன்றிப் பூக்காது. எங்கள் செடி முதல் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நின்றதற்கு என் அம்மாவின் அன்றாட வாளித் தண்ணீரே காரணம். மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் என்று மாற்றிய பின்னர், இலை தெரியாத அளவுக்குப் பூத்தது. முழு வெயிலும், மழைக்காலம் முடிந்ததும் கிளைகளை வெட்டிவிடும் ஒரு கவாத்தும் போதும். முள் உண்டு என்பதால் நடைபாதையை ஒட்டி வைக்கக் கூடாது.

அரளி இதைவிடவும் எளிது. நான்குவழிச் சாலைகளின் நடுவில் புகையையும் அனலையும் தாங்கி நிற்பதைப் பார்த்தாலே அதன் உறுதி விளங்கும். ஆடு மாடு கடிக்காது. செவ்வரளி பூஜைக்கும் ஆகும், காகிதப்பூவுக்கு அந்த இடம் இல்லை. ஆனால் இலை, பூ, பால், வேர் என அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. வெட்டிய கிளையை எரித்தால் வரும் புகையும் கேடு. தவழும் குழந்தையோ கண்டதை வாயில் வைக்கும் பிள்ளையோ உள்ள வீட்டில் இதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எனவே சுவரோரத்தில் என் தேர்வு காகிதப்பூ.

வாசல் பாத்திக்கு எல்லோரும் முதலில் கேட்பது இட்லிப்பூ. கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும் அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அது சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. நம் பகுதியில் பல இடங்களில் கிடைக்கும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீரை ஊற்றி வந்தால், சில மாதங்களில் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாததன் அடையாளம் அது. பிறகு தொழு உரம், இரும்புச் சத்துத் தெளிப்பு, மழைநீர் சேமிப்பு என்று வேலை நீளும். நல்ல தண்ணீர் உள்ளவர்கள் தாராளமாக வைக்கலாம். மற்றவர்களுக்கு இது எளிய செடி அன்று.

அந்த இடத்துக்கு நித்தியகல்யாணியையே நான் சொல்வேன். சுடுகாட்டு மல்லி என்ற பெயரைச் சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவோர் உண்டு. புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் மருந்துகள் இந்தச் செடியிலிருந்து கிடைத்தவை என்று அறிந்தால் அந்தத் தயக்கம் விலகக்கூடும். இளஞ்சிவப்பு, வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை என ஆண்டு முழுவதும் பூக்கும்; உதிரும் விதையிலிருந்து தானே முளைக்கும். தேங்கும் நீர் ஒன்றுதான் அதற்குப் பகை. ஐப்பசி அடைமழையில் பள்ளமான பாத்தியில் நின்றால் வேர் அழுகி இரண்டே நாளில் சாய்ந்துவிடும். ஆகவே காகிதப்பூவைப் புரட்டாசியில் நட்டு மழையில் வேர்பிடிக்க விடுங்கள். நித்தியகல்யாணி நாற்றை மழை ஓய்ந்த பின், மார்கழியில், மேட்டுப் பாத்தியில் வையுங்கள்.