பரீட்சை முடிந்த பிள்ளைக்கு முதலில் எந்த மர்ம நாவல்?

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை நீளும் விடுமுறையில், கொழும்புப் பிள்ளைகள் பலருக்குக் கைபேசியே கதி. சாகசமும் மர்மமும் கலந்த ஒரு நாவல் சொல்லுங்கள் என்று கேட்கும் பெற்றோர், ‘பொன்னியின் செல்வன்’ என்ற விடையை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் கொடுப்பேன்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது அது. சதி, வேவு, துரத்தல் எதற்கும் குறைவில்லை. இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் நம் நாட்டுக்கே வருகிறான். பாடசாலைச் சுற்றுலாவில் அநுராதபுரம் பார்த்த பிள்ளை அந்தப் பக்கங்களை விடாது. ஆனால் அங்கே போய்ச் சேர ஒரு முழுப் பாகத்தைத் தாண்ட வேண்டும், மொத்தம் ஐந்து. கதையின் பெரிய கொலைக்கு ஐயமற்ற விடையும் கிடையாது. எனக்கு அது பிடிக்கும்; முதன்முதலாக மர்மக் கதை படிக்கும் பதினாறு வயதுக்காரருக்கு எரிச்சல்தான் வரும்.

‘புதையல் தீவு’ (1883) விறுவிறுப்பானது. ஆனால் ஆப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி கதைநாயகச் சிறுவன் ஜிம் சதித்திட்டத்தைக் கேட்டதுமே மர்மம் பெருமளவு கரைந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதுத் தம்பிக்குக் கொடுங்கள்.

என் முதல் தெரிவு, ஷெர்லொக் ஹோம்ஸ் வரும் பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதை. கோனன் டொயில் 1901–02இல் தொடராக எழுதியது; 15 அத்தியாயங்கள்தான். இறந்தவரின் உடலருகே ராட்சத நாயின் காலடித் தடம் என்ற செய்தியோடு இரண்டாம் அத்தியாயம் முடிகிறது. அடுத்து லண்டன் ஹோட்டலில் ஒரு புதுச் சப்பாத்து காணாமல் போகிறது, ஒற்றைக் கால் மட்டும். பிறகு பழைய சப்பாத்து ஒன்று. ஒற்றையைத் திருடி என்ன செய்வது? பழையது எதற்கு? விடை பக்கங்களிலேயே கிடக்கிறது, தேடிப் பிடிக்கலாம்.

அதைவிடப் பெரிய தந்திரம், ஹோம்ஸ் லண்டனில் வேலை இருப்பதாகச் சொல்லி நண்பர் வாட்சனை மட்டும் டார்ட்மூர் பொட்டல்வெளிக்கு அனுப்புவது. 8ஆம், 9ஆம் அத்தியாயங்கள் வாட்சனின் கடிதங்கள், 10ஆவது அவரது நாட்குறிப்பு. மேதாவி பக்கத்தில் இல்லாததால் வாசிக்கும் பிள்ளைதான் துப்பறிய வேண்டும். சிறுவயது வாசகருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கடைசி அத்தியாயம் வெறும் விளக்கவுரை, கொஞ்சம் இழுவை. கூர்மையான பிள்ளை குற்றவாளியையும் முன்னரே ஊகித்துவிடும். ஊகித்தால் ஊகிக்கட்டும், அந்தப் பெருமிதமும் வேண்டியதுதானே.

ஆங்கில மொழிமூலத்தில் படிப்பவர்கள் மூலத்தையே எடுக்கலாம்; காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் இணையத்தில் இலவசம். தமிழில் எடுப்பதானால் சுருக்கப் பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள். சுருக்குபவர்கள் முதலில் கைவைப்பது அந்தக் கடிதங்களில்தான்.

அதன்பிறகு கல்கி. ஐந்து பாகங்களையும் மேசையில் அடுக்கி மிரட்டாமல், வெள்ளவத்தை தமிழ்ச் சங்க நூலகத்திலோ தெரிந்தவர் வீட்டிலோ முதற்பாகத்தை மட்டும் இரவல் கேட்டுப் பாருங்கள்.