50 மி.மீ. லென்ஸ்: பழைய டாகுமாரா, புதிய கேனனா?

மொரீஷியஸின் கோர் தெ கார்த் மலைக்கோயிலில் தைப்பூசக் காவடியைப் படமெடுக்க 50 மி.மீ. லென்ஸ் தேடினேன். கடைசியில் இரண்டு தேறின: 1960களின் பென்டாக்ஸ் சூப்பர் டாகுமார் எஃப் 1.4 (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் நுழையும் துளை பெரிது), 2015இல் வந்த கேனன் எஃப் 1.8 எஸ்டிஎம். கேனனையே வைத்துக்கொண்டேன்.

ஆட்டோஃபோகஸ், 160 கிராம் எடை எல்லாம் கேனன் பக்கம். கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் சுகம் டாகுமார் பக்கம். அதை விடுங்கள்.

லென்ஸின் தரத்தைக் காட்ட கேனன், நிக்கான் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடத்தில் மில்லிமீட்டருக்கு 10 கோடு, 30 கோடு என்று இரண்டு கணக்கு உண்டு. முதலாவது கான்ட்ராஸ்ட், அதாவது படம் எவ்வளவு பளிச்சென்று நிற்கும் என்பது. இரண்டாவது நுண்விவரம். துளையை எஃப் 5.6க்கு மூடினால் நுண்விவரத்தில் டாகுமார் சளைத்ததல்ல. காவடியின் மயிலிறகில் இழை இழையாகத் தெரிகிறது.

சிக்கல் எதிர்வெயிலில்தான். தைப்பூசம் இங்கே கோடையில் வருகிறது. காவடிக்குப் பின்னால் சூரியன் நிற்கும். பழைய கண்ணாடியின் பூச்சு எளிமையானது (பல அடுக்குப் பூச்சு டாகுமாருக்கு 1971இல்தான் வந்தது). உள்ளே எதிரொளிக்கும் வெளிச்சம் படம் முழுக்கப் பரவி, கறுப்பு முடி சாம்பல் நிறமாகிவிடுகிறது. வியர்த்த நெற்றியில் திருநீற்றுப் பட்டை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்பதே மங்கிப்போகும். இழை இருக்கிறது, எடுப்பு இல்லை. கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பில் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பார்த்தேன். முடி கறுத்தது, கூடவே நிழலில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸும் கிளம்பியது. அதே இடத்தில் கேனனில் திருநீற்றுப் பட்டை தெளிவாகவே விழுந்தது. முன்னால் வெயிலை மறைக்கும் ஹூட் மாட்டினால் டாகுமார் கொஞ்சம் தேறும், ஆனால் சூரியன் சட்டகத்துக்குள்ளேயே வந்துவிட்டால் ஹூட் என்ன செய்யும்?

அப்புறம் நம் ஊர் ஈரம். கியூர்பிப் பக்கம் அலமாரியில் போட்டுவைத்தால் எந்த லென்ஸிலும் பூஞ்சை வரும், பழையதில் ஏற்கெனவே இருக்கவும் கூடும். உள்ளே மெல்லிய மங்கல் படிந்தாலும் முதலில் அடிபடுவது கான்ட்ராஸ்ட்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். டாகுமாரின் தோரியம் கலந்த கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் பயப்பட வேண்டாம், சில வாரம் வெயில் பட்டால் தெளியும்.

நான் பார்த்தது ஒரே ஒரு டாகுமார். சுத்தமான பிரதி இதைவிட நன்றாக இருக்கலாம். எஃப் 1.4இல் இரவுப் படம் அதிகம் எடுத்ததில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நிழலில் உட்காரவைத்து எடுக்கும் முகங்களுக்கு அதன் மென்மை அழகு என்பேன். வாங்குவதாக இருந்தால் டார்ச் அடித்து, பின்பக்கம் வழியாகப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.