சோயாவா, பனீரா, பருப்பா? புரதம் குறையாத சைவக் கபாப்

சைவக் கபாப் என்றாலே பலரும் முதலில் இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்துவிடுகிறார்கள். மசித்த உருளை கலவையை நன்றாகப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதில் 100 கிராமுக்குப் புரதம் 2 கிராம்தான். ஆகவே எதில் புரதம் அதிகம் என்று மட்டும் பார்த்தால் போதாது. உருளை இல்லாமல் கபாப் உடையாமல் நிற்குமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மீல்மேக்கர் எனப்படும் சோயா உருண்டையில், காய்ந்த நிலையில், 100 கிராமுக்கு சுமார் 52 கிராம் புரதம். இந்த எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஊறிப் பிழிந்ததும் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். அப்போது 100 கிராமில் இருப்பது 17 கிராம் அளவுதான். பனீரிலும் கிட்டத்தட்ட 18 கிராம். எடைக்கு எடை இரண்டும் சமம். வித்தியாசம் கலோரியில்தான் இருக்கிறது. 100 கலோரிக்கு சோயா 15 கிராம் புரதம் தரும், கெட்டியான டோஃபு (சோயாப் பாலில் செய்யும் பனீர்) 10 கிராம், பனீரும் கடலைப்பருப்பும் 6 கிராம் அளவில் நின்றுவிடும். எடை குறைக்க நினைப்பவருக்கு சோயாதான் சரி. வளரும் பிள்ளைக்குப் பனீரின் கொழுப்பு ஒரு குறையே அல்ல.

சோயாவின் சிக்கல் இரண்டு: பச்சை வாடை, உதிரும் தன்மை. உப்புப் போட்ட தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, 10 நிமிடம் மூடி வைத்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்தால் வாடை போய்விடும். பிழிவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் கல்லில் ஆவியாகிக் கபாப்பைப் பிளந்துவிடும். ஒவ்வொரு கைப்பிடியாக எடுத்து, சொட்டு நிற்கும் வரை பிழியுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றித் துருவல் போல எடுக்க வேண்டும். விழுதாகிவிட்டால் கபாப் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

உதிர்வதற்கு மருந்து கடலைப்பருப்பு. தனியாகக் கபாப் ஆக்கினால் அதில் மாவுச்சத்துதான் மிகும். சோயாவுக்குத் துணையாக வந்தால் அதே மாவுச்சத்து பசையாகிறது, கூடவே புரதமும் சேர்கிறது. எங்கள் தேர்வு இந்தக் கலவைதான்:

காய்ந்த சோயா 100 கிராம், கடலைப்பருப்பு 60 கிராம், பொட்டுக்கடலை மாவு 20 கிராம், பொடியாக நறுக்கிப் பிழிந்த வெங்காயம் ஒன்று, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், பச்சை மிளகாய், கரம் மசாலா, கொத்தமல்லி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி.

பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில், குழையாமல் வேகவையுங்கள். தண்ணீரை முழுவதும் வடித்து ஆறவிட்டு அரையுங்கள். எல்லாவற்றையும் பிசைந்து, உப்பைக் கடைசியில் சேருங்கள்; முன்பே போட்டால் வெங்காயம் நீர் விட்டுக் கலவை தளர்ந்துவிடும். எண்ணெயை விட்டுவிடாதீர்கள். சோயாவில் கொழுப்பு அநேகமாக இல்லை, அது இல்லாமல் கபாப் தொண்டையில் அடைக்கும். 12 கபாப் வரும், ஒன்றில் சுமார் 5 முதல் 6 கிராம் புரதம்.

பனீர் வேகமானது. 200 கிராமைத் துருவி, உள்ளங்கையால் தேய்த்து மிருதுவாக்கி, 30 கிராம் பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் போதும். ஆனால் அதிக நேரம் சூட்டில் இருந்தால் பனீரின் புரதம் இறுகி, நீரைக் கக்கி, மெல்ல முடியாததாகிவிடும். நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

டோஃபுவை உறையவைத்து, உருக்கிப் பிழிந்தால் பஞ்சு போலாகி மசாலாவை இழுத்துக்கொள்ளும். பிடிப்பு மட்டும் சோயாவைவிடக் குறைவு, மாவு கூடுதலாகத் தேவைப்படும். ராஜ்மாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால்தான் அதிலுள்ள நச்சு அழியும். அரைவேக்காட்டில் அரைத்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

எந்தக் கலவையானாலும், தட்டியபின் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காய்ந்த இரும்புக் கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம். அடி தானாக விடும்வரை தோசைக்கரண்டியை உள்ளே விடாதீர்கள். ஏர் ஃபிரையர் என்றால் மேலே எண்ணெய் தடவி 180 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்புங்கள். பனீருக்கு 8 நிமிடம் போதும். மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் வைக்க சோயாக் கபாப்தான் தோது. பனீர்க் கலவை உறைந்து உருகும்போது திரிதிரியாகிவிடும். அதை அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.